கடிகார மூடியில் ஒரு முகம்



எனாமல் குவளையில் தேநீர் குடித்துப் பழகியவர்கள் நாம். அது கைதவறி விழுந்தால் ஒரு சில்லு தெறித்து, உள்ளேயுள்ள கறுத்த இரும்பு தெரியும். அந்தச் சில்லு வேறொன்றுமில்லை, கண்ணாடிதான். கண்ணாடித் தூளை இரும்பின்மேல் பூசிச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். இதே எனாமலைக் கொண்டு, ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய கடிகார மூடியில் மனித முகங்களை வரைந்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பிரான்சு நாட்டில் ஷாதோதன் என்னும் ஊரில் ழான் தூத்தேன் என்ற பொற்கொல்லர் இருந்தார். 1630ஆம் ஆண்டுகளில் அவர் இந்த வழியைச் செம்மைப்படுத்தினார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரம் இதற்குப் பேர்போனது.

வேலை எப்படி நடக்கும்? பொன் தகட்டின்மேல் முதலில் வெள்ளை எனாமல் பூசிச் சுடுவார்கள். தகடு வளையாமலிருக்கப் பின்புறமும் பூசவேண்டும். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு என்று உலோகங்கள் கலந்த கண்ணாடியை மாவாக அரைத்து, எண்ணெயில் குழைத்து, மிக மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். சில நிறங்கள் பூசும்போது ஒன்றாகவும் வெந்தபின் வேறொன்றாகவும் இருக்கும். ஆகவே, கண்ணில் தெரியாத நிறத்தை மனத்தில் வைத்தே வரையவேண்டும். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், தாங்காதது கடைசியில். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய எண்ணூறு பாகை வெப்பத்தில் ஓரிரு நிமிடம் சுடுவார்கள். ஒரே படம் பலமுறை சூளைக்குள் போய்வரும். கடைசிச் சூட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும், பல வார உழைப்பு போயிற்று! பால்மரம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படுவதை அறிந்த உங்களுக்கு இந்தப் பதைப்பு புரியும்.

தப்பிப் பிழைத்த படமோ மங்குவதில்லை. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறும். கண்ணாடியில் உறைந்த நிறம் வெளிறாது. இத்தொழிலில் புகழ்பெற்ற ழான் பெத்திதோ வரைந்த முகங்களை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இன்றும் காணலாம்.

1607இல் ஜெனீவாவில் பிறந்த இந்தப் பெத்திதோ, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசிடமும், பிறகு பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியிடமும் வேலை செய்தார். 1685இல் லூயி மன்னர் புரோட்டஸ்டண்டு சமயத்தாருக்கிருந்த உரிமையை ரத்துச் செய்தார். எண்பது வயதை நெருங்கிய ஓவியர், ஊர் திரும்ப அனுமதி கேட்டார். கிடைத்தது சிறை. அரசரின் முகத்தை எத்தனையோ முறை வரைந்த கை அது! ஒருவாறு விடுபட்டு, சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்து, 1691இல் வெவே என்னும் ஊரில் காலமானார்.

பெத்திதோவின் பெயராவது நிலைத்தது. எத்தனையோ கடிகாரங்களில் கடிகாரம் செய்த கடையின் பெயர் இருக்கிறது, படம் வரைந்தவர் பெயர் இல்லை. இது நமக்கு நியாயமாகப் படவில்லை.

2020இல் யுனெஸ்கோ நிறுவனம், சுவிட்சர்லாந்து பிரான்சு எல்லைப்பகுதியின் கடிகாரக் கைத்திறனை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனாமல் ஓவியம் வரைவோர் இப்போது மிகச் சிலரே. இக்கலையில் பெயர் பெற்ற சுசான் ரோர், அனிதா போர்ஷே இருவரும் பெண்மணிகள்.