உடுவில் வீட்டுத் தபால்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு இருக்கும் தாயின் மனம் எப்படியிருக்கும் என்று வன்னியில் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தொலைபேசி இல்லை. மகனின் குரலைக் கேட்பதற்காகப் பாஸ் எடுத்து வவுனியா வரை போய், தொலைபேசிக் கடை வாங்கில் பகல் முழுவதும் குந்தியிருந்து, ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பிய தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பாதி அழுகையிலே போய்விடும். கடிதம் வருமென்றால் அது எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை.

நமது பிள்ளைகள் இங்கிருந்து அங்கே போனார்கள். அதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து இங்கே வந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். அவரும் தபாலுக்குக் காத்திருந்தவர்தான்.

அவருடைய பெயர் ஹரியற் வின்ஸ்லோ. 1796 இல் அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் நோர்விச் என்னும் ஊரில், லாத்ரொப் என்னும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1819 ஜனவரியில் மைரன் வின்ஸ்லோ என்ற இளம் போதகரை மணந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் பொஸ்டன் துறைமுகத்தில் 'இன்டஸ்' என்ற கப்பலில் ஏறினார். அந்தக் கப்பலில்தான் பின்னர் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த டொக்டர் ஸ்கடரும், உடுவிலில் நீண்டகாலம் வாழ்ந்த ஸ்போல்டிங் தம்பதியினரும் வந்தார்கள். கல்கத்தாவை அடையவே நாலு மாதத்திற்கு மேல் சென்றது. அங்கிருந்து இலங்கைக்கு வந்து, 1820 இல் உடுவிலில் குடியேறினர். பழைய காலத்துத் தேவாலயமும் அதனோடு ஒட்டிய வீடும் சிதைந்து கிடந்தன. அவற்றைத் திருத்தியே மிஷன் வீடாக்கினார்கள்.

கப்பல் வர நாலைந்து மாதம் என்றால் கடிதம் வரவும் அவ்வளவு காலம்தான். "அம்மா, சுகமா?" என்று உடுவிலிலிருந்து எழுதினால், "சுகம்" என்ற பதில் வர ஏறக்குறைய ஓராண்டு கழிந்துவிடும். அந்த "சுகம்" என்ற சொல் எழுதப்பட்ட நாளுக்கே உரியது. கடிதத்தைப் பிரிக்கும் நாளில் அது உண்மையோ என்பது யாருக்கும் தெரியாது.

நேயர்களே, இன்னொரு துன்பமும் அவர்களுக்கு இருந்தது. 1820 இல் இலங்கையில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பான்ஸ் என்பார், இனிமேல் புதிய அமெரிக்க மிஷனரிமார் எவரும் இந்தத் தீவில் தங்கக்கூடாது என்று தடை விதித்தார். ஏற்கெனவே வந்தவர்கள் மட்டும் இருக்கலாம். அந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகவே பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்திற்கு ஆள் துணை வரவில்லை. பிள்ளைப்பேறு, காய்ச்சல், மரணம் எல்லாவற்றிலும் அவர்களுக்கு அவர்களேதான் உறவு. வட்டுக்கோட்டையில் இருப்பவர் பெரியப்பா, தெல்லிப்பழையில் இருப்பவர் மாமா என்பது போல, இரத்த உறவு இல்லாத இடத்தில் ஒரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

1824 இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. குமர்ப்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகளுக்கு வின்ஸ்லோ அம்மையார் உணவு கொடுத்து இரவு தங்கவைத்ததில் இருந்துதான் அந்தப் பாடசாலை பிறந்தது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதை எப்படியிருந்தாலும், அவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தாயின் இடத்தில் நின்றார் என்பது உண்மை. பிற்காலத்தில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுத்தது. படிப்பு, கலியாணம், சீதனம் என்று பெற்றோர் பார்க்க வேண்டிய காரியங்களையெல்லாம் மிஷன் வீடு பார்த்தது.

இங்கே நாம் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிடக் கூடாது. பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரையே அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் மிஷனில் இருந்தது. தாய் தகப்பன் ஆசையோடு வைத்த பெயர் ஒரு பதிவுப் புத்தகத்தில் மறைந்துபோகும். மகள் படித்தாள் என்ற பெருமையோடு, மகள் வேறு சமயத்திற்குப் போய்விட்டாள் என்ற துயரமும் அந்த வீடுகளில் இருந்திருக்கும். அந்தத் தாய்மாரின் கடிதங்கள் எவையும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது.

இப்போது ஹரியற் அம்மையாரின் சொந்தப் பிள்ளையிடம் வருகிறேன். 1821 இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். சாள்ஸ் லாத்ரொப் என்று தன் குடும்பப் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டார். அக்காலத்து மிஷனரிமார் தங்கள் பிள்ளைகளை ஒரு வயதுக்குமேல் இங்கே வைத்திருக்க அஞ்சினார்கள். வெயிலும் நோயும் ஒரு காரணம். தகுந்த படிப்பு இல்லை என்பது இன்னொரு காரணம். சூழவுள்ள பிள்ளைகளின் பழக்கவழக்கம் தம் பிள்ளைகளைப் பற்றிக்கொள்ளும் என்ற பயம் மூன்றாவது காரணம். இதை யோசித்துப் பாருங்கள். நமது பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிற்குள் எடுத்து வளர்த்த தாய், தன் மகனை நமது பிள்ளைகளோடு வளரவிட அஞ்சினார். அன்பும் இருந்தது, அதன் நடுவே ஒரு வேலியும் இருந்தது. அந்த வேலிக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

சாள்ஸ் கப்பலேற்றப்பட்டான். அமெரிக்கா போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில், 1832 இல், தன் பதினோராவது வயதில் இறந்துபோனான். உடுவிலில் தாய்க்கு இது தெரியாது. மகன் மண்ணுக்குள் போன பின்னரும் மாதக்கணக்காக அவன் உயிரோடிருப்பதாகவே எண்ணி அவனுக்காகச் செபித்துக்கொண்டிருந்திருப்பார். 1833 ஜனவரி 14 ஆம் திகதி அவரும் உடுவிலில் காலமானார். வயது முப்பத்தாறு.

அவர் இறந்த அதே ஆண்டில்தான் தடை நீங்கியது. அவருடைய தங்கையர் மூவரும் மிஷனரிமாரை மணந்து, ஒருவர் பின் ஒருவராக யாழ்ப்பாணம் வந்தார்கள். முதலில் வந்த தங்கை அந்த ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தபோது அக்கா இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த நான்கு பெண்கள் ஒரே நாட்டுக்கு வந்தார்கள். ஆனால் மூத்தவளின் முகத்தை இந்த மண்ணில் இளையவர் ஒருவர்கூடக் காணவில்லை.

கணவர் மைரன் வின்ஸ்லோ மீதிப் பிள்ளைகளைத் தாய்நாட்டில் கொண்டுபோய் விட்டுத் திரும்பி, 1836 இல் சென்னைக்குப் பணிக்குப் போனார். அவர் 1862 இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியை இன்றும் நமது அறிஞர்கள் புரட்டுகிறார்கள். 1864 இல் ஊர் திரும்பும் வழியில் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் பிரிந்தது. அந்த வீட்டு மகள் ஒருத்தி டலஸ் என்ற போதகரை மணந்தாள். அவளுடைய பேரன்மார்தான் 1950களில் அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலசும், சி.ஐ.ஏ. தலைவராக இருந்த அலன் டலசும். உடுவில் வீட்டின் கிளை எங்கே போய்ப் படர்ந்தது பார்த்தீர்களா!

அந்தப் பாடசாலைக்குப் பின்னர் வந்தவர் எலைசா அக்னியூ. மிஷனரியாக வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. ஆனால் வீட்டில் பார்க்க வேண்டிய முதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்மூடும் வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே கப்பலேறினார். 1840 இல் உடுவிலுக்கு வந்தவர் 1883 இல் மானிப்பாயில் இறக்கும் வரை ஒருதடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. மணம் செய்யவுமில்லை. தாயையும் மகளையும் பேத்தியையும் படிப்பித்தார். 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள். ஹரியற் வீட்டையும் பணியையும் ஒருசேரச் சுமக்கப் பார்த்தார். எலைசாவோ வீட்டுக் கடனைத் தீர்த்துவிட்டு வந்தார். இருவரில் யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியவந்தன? ஹரியற் அம்மையார் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்பையும் திரட்டி, கணவர் 1835 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பதினொரு வயதில் இறந்த சாள்சைப் பற்றியும் ஒரு சிறு நூல் உண்டு. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் மழையையும் காய்ச்சலையும் ஒரு வீட்டின் அன்றாடத்தையும் அறிய விரும்புகிறவர் இன்று அந்த நூலைத்தான் தேடிப்போக வேண்டும். நமது ஊரின் கதையை நோர்விச்சுக்குப் போன கடிதத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

நம்மிடமும் கடிதங்கள் இருந்தன. 1995 இல் வலிகாமத்தை விட்டுக் கிளாலிக் கடலால் வந்தபோது சிலர் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கடிதங்களைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் காத்தார்கள். 2009 இல் அவை எல்லாம் போயின. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இழந்தவர்கள் அவற்றுக்குப் பிரதி எடுக்கலாம். மகனின் கையெழுத்துக்குப் பிரதி எந்தக் கச்சேரியிலும் இல்லை.

இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். பேசி முடிந்ததும் அது போய்விடுகிறது. ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டில் வயதான தாய் இருந்தால், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அருகே இருங்கள். வவுனியாவுக்குப் போய்த் தொலைபேசிக்குக் காத்திருந்த அந்த நாளைக் கேளுங்கள். அவர் சொல்லுகிறபடியே எழுதிவிட்டு, அடியில் திகதியைப் போடுங்கள். அந்தக் கொப்பியில் ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இங்கே தொலைந்தாலும் அங்கே இருக்கும்.