6 மீட்டர் உயரத்தில் ஒரு மின்மீட்டர்

(சட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடுகளைக் கடந்த நீதிமன்றம் என்றால், உள்ளூரில் தோற்றவர்கள் கடைசியாகப் போய்த் தட்டும் கதவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல்கேரியாவின் வழக்கு ஒன்றைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

துப்னித்சா என்ற ஊரில் கிஸ்டோவா மஹலா என்றொரு குடியிருப்பு. மஹலா என்பது நாம் சொல்லும் மஹல்லாதான். அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் ரோமா மக்கள். மற்ற இடங்களில் 1.7 மீட்டர் உயரத்தில் மின்மீட்டர் வைத்த மின்சாரக் கம்பெனி, இங்கே 6 மீட்டருக்கும் மேலே கம்பத்தில் ஏற்றி வைத்தது. கேட்டால், அந்தப் பகுதியில் மின்திருட்டாம். திருடியது யார் என்ற கேள்வியே கிடையாது, தெரு முழுவதும் குற்றவாளி. ஊரும் சேரியும் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அங்கே மளிகைக்கடை நடத்திய ஒரு பெண், தன் மீட்டரைத் தன்னாலேயே பார்க்க முடியவில்லை என்று 2008இல் முறையிட்டார். அவர் ரோமா அல்ல. நாட்டின் பாகுபாடு தடுப்பு ஆணையம் அவர் பக்கம் நின்றது. உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஆணையம் மறுபடியும் விசாரித்து அவருக்கே சாதகமாகச் சொன்னது. கம்பெனி சோஃபியா நகர நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது.

இதற்கிடையே, இதேபோன்ற வேறொரு புகாரில் அந்த ஆணையமே லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. ஆணையம் ஒரு நீதிமன்றம் அல்ல, எனவே கேட்க உரிமையில்லை என்று 2013இல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீதிபதிக்கு அந்த உரிமை உண்டு. உறுப்பு நாட்டின் கீழ்நிலை நீதிபதிகூட, தன் நாட்டு மேல்நீதிமன்றத்தின் அனுமதிக்குக் காத்திராமல், ஒன்றியச் சட்டம் பற்றி லக்ஸம்பர்க்கிடம் நேரடியாகக் கேட்கலாம். சோஃபியா நீதிமன்றம் கேட்டது.

2015 ஜூலை 16 அன்று பதில் வந்தது. ஓர் இனத்தாருக்கு எதிரான நடவடிக்கையால் அவர்களோடு சேர்ந்து பாதிக்கப்படுபவருக்கும், அவர் அந்த இனத்தவர் அல்லாவிட்டாலும், சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தனித்தனி ஆள் பார்க்காமல் ஒரு பகுதி முழுவதற்கும் இப்படிச் செய்வது அங்குள்ளவர்களை இழிவுபடுத்துகிறது. 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று சொல்லி ஆதாரம் தராமல் நழுவுவதே, முன்முடிவோடு செயல்பட்டதற்கான ஓர் அடையாளமாகலாம்.

தோழர்களே, லக்ஸம்பர்க் எந்த மீட்டரையும் கீழே இறக்கவில்லை. அளவுகோலைத் தந்தது. திருட்டைத் தடுக்க வேறு வழி இருந்ததா என்று ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு சோஃபியா நீதிமன்றத்துக்கே திரும்பியது. மேலே எவ்வளவு நல்ல நீதிமன்றம் இருந்தாலும், கீழே ஒரு நீதிபதி கேட்காவிட்டால் அது இந்த வழக்கில் வாய் திறந்திருக்காது. ஒரு கடைக்காரப் பெண் முறையிடாவிட்டால் அந்த நீதிபதியும் கேட்டிருக்க முடியாது.

ஆசியாவில் நமக்கு அப்படிப்பட்ட நீதிமன்றம் எதுவும் இல்லை. ஆனாலும் நாளை வழக்கறிஞர்களாக, நீதிபதிகளாகப் போகும் நீங்கள், ஒரு தெருவையே சந்தேகிக்கும் உத்தரவு உங்கள் கைக்கு வரும்போது முதலில் கேளுங்கள்: ஆதாரம் எங்கே?