சீட்டைப் படித்துப் பாருங்கள்



தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தினமும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். இப்படிக் கூட்டம் உள்ள எந்த இடத்திலும் எழுதுவதில் தவறு நேரலாம். பெயர் மாறலாம். வயது மாறலாம்.

ஒரு பெண்ணுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் அது விட்டுப்போனால் என்ன ஆகும்? அடுத்த முறை வேறு டாக்டர் அந்த ஊசியைப் போட்டுவிடலாம். உயிருக்கே ஆபத்து.

ஆகவே சீட்டு கைக்கு வந்ததும் படியுங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், வயது, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் சரியா?

தவறு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களே திருத்தக் கூடாது. டாக்டர் தவறை ஒரு கோடு போட்டு அடிப்பார். சரியானதை எழுதுவார். கையெழுத்தும் தேதியும் போடுவார். பழைய எழுத்தும் தெரிய வேண்டும்.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் பதிவுகளைக் கேட்கலாம். எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்திற்குள், அதாவது 3 நாளில், தர வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி இது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பதிவுகளைப் பாதுகாக்கவும் வேண்டும்.

அது உங்கள் உடம்பின் கணக்கு. பயப்படாமல் கேளுங்கள்!