வெறுங்கால்

சிலாபத்திற்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் அமைந்த ஊர் உடப்பு. அவ்வூரில் கரைவலை இழுப்போரை நேயர்களில் சிலர் கண்டிருக்கலாம். கயிற்றைப் பற்றி இரு அணிகளாக நின்று, அம்பாப் பாடலின் தாளத்திற்கு இசையப் பின்னோக்கி நடக்கிறார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இராது. இதை வறுமையின் அடையாளமென்று கருதுவோர், ஒருமுறை செருப்போடு அக்கயிற்றைப் பிடித்துப் பார்க்கட்டும். ஈரமணலிலே குதிகாலைப் புதைத்து, விரல்களை ஊன்றினாலன்றி வலை அசையாது. செருப்போ சறுக்கும். நானே சறுக்கி விழுந்தவன்தான். அண்மைக் காலத்தில் உழவு இயந்திரத்தைக் கொண்டு கயிறு இழுத்ததும் உண்டு. ஆயினும் அலைவாய்க் கரையில் நிற்பவன் வெறுங்காலனே.

இதே மக்கள் ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் கோயில் முன்றிலில் தீமிதிக்கிறார்கள். பாரதப் போரின் 18 நாட்களை நினைவூட்டி நிகழும் விழா அது. அங்கே செருப்பில்லாமைக்குக் காரணம் வேறு. நோன்பும் நேர்த்தியும் அது. கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது, பாதமும் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை என்று இயற்பியலார் விளக்குவர். 1935இல் இங்கிலாந்திலே குடா பக்ஸ் என்பவர் ஆராய்ச்சியாளர் முன்னிலையில் தீக்குழியில் நடந்து காட்டினார். இவற்றையெல்லாம் நேர்த்தி வைத்த முதியவர் ஒருவரிடம் எடுத்துரைத்தேன். "அப்படியானால் நீங்களும் இறங்கலாமே, ஐயா" என்றார். நான் இறங்கவில்லை.

மருத்துவர் சொல்வதையும் கேட்கவேண்டும். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. அப்புழுவின் குஞ்சு, மலத்தால் மாசுற்ற நிழலான ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உட்புகும். அலை கழுவும் உவர்மணல் அதற்கு ஏற்ற இடமன்று. வீட்டுக் கொல்லைப்புறமே அஞ்சத்தக்கது.

இன்று அதனினும் பெரிய அச்சம் நீரிழிவு. நோய் முற்றினால் பாதம் உணர்விழக்கிறது. நண்பகல் மணலின் சூடோ, சிப்பியின் கீறலோ தெரிவதில்லை. தெரியாத காயம் புண்ணாகி, சிலருக்குக் காலையே வெட்டியெடுக்க நேரிடுகிறது. சூடு தெரியாமையை அம்மன் அருளென்று அத்தகையவர் எண்ணிக்கொள்வாராயின், அதை எடுத்துச் சொல்லாதிருப்பது நம் குற்றம்.

மேற்சொன்ன முதியவருக்கும் நீரிழிவு உண்டு. மகன் வாங்கித் தந்த செருப்பைக் கோயில் வாசல் வரை அணிகிறார். கரைக்கு வந்ததும் அதைக் கழற்றித் தோணியின் கீழ் வைத்துவிடுகிறார். மாலையில் பேரன் அவர் பாதங்களை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒன்றுமில்லை, தாத்தா" என்று சொன்ன பின்னரே படுக்கைக்குச் செல்கிறார்.