நெறிக்கும் விலை உண்டு



ஒரு நாட்டின் அயலுறவுக் கொள்கையை அதன் அமைச்சர்கள் மேடையில் மொழியும் சொற்களால் அளத்தல் ஆகாது. அக்கொள்கைக்காக அந்நாடு எதை இழக்க ஒப்பியது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலை நியூசீலாந்து என்னும் சிறுநாட்டின்மேல் வைத்துப் பாருங்கள்.

அமைதிப் பெருங்கடலின் மொரூரோவாத் தீவில் பிரான்சு அணுக்குண்டுகளை வெடித்து ஆய்ந்துவந்தது. 1973-இல் நார்மன் கிர்க்கு தலைமையிலான நியூசீலாந்து அரசு உலக அறமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தன் அமைச்சர் ஒருவரையே போர்க்கப்பலில் ஏற்றி அக்கடற்பகுதிக்கு அனுப்பியது. அக்கப்பல் சுடப் போகவில்லை. சான்றாக நிற்கப் போயிற்று.

1984-இல் தேவிட் இலாங்கி தலைமை அமைச்சரானார். அணுப்படைக்கலம் தாங்கிய கப்பலுக்குத் துறைமுகத்தில் இடமில்லை என்பது அவர் கட்சியின் கொள்கை. அமெரிக்கப் போர்க்கப்பல் புக்கானனுக்கு இடம் கேட்கப்பட்டது. அணுப்படைக்கலம் உண்டு என்றோ இல்லை என்றோ உரைப்பது அமெரிக்காவின் வழக்கமன்று. உரையாத கப்பலுக்கு இடமில்லை என 1985 பிப்பிரவரியில் மறுத்தது நியூசீலாந்து! 1951-இல் ஆத்திரேலியாவும் சேர்ந்து செய்துகொண்ட மூன்று நாட்டு உடன்படிக்கையின்படி அந்நாட்டைக் காக்கும் கடப்பாட்டை 1986-இல் அமெரிக்கா நிறுத்திவைத்தது. அரசு அஞ்சி வளைந்ததா? இல்லை! 1987-இல் அம்மறுப்பையே சட்டமாக்கியது.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. 1985 சூலை 10 அன்று ஆக்குலாந்துத் துறைமுகத்தில், அணுவெடிப்பை எதிர்த்துச் செல்லவிருந்த 'இரெயின்போ வாரியர்' கப்பலைப் பிரான்சின் ஒற்றர்கள் குண்டுவைத்து மூழ்கடித்தனர். நிழற்படக்காரர் ஒருவர் மாண்டார். பிடிபட்ட ஒற்றர் இருவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உடனே நியூசீலாந்துப் பொருள்களுக்குப் பிரான்சு தடையிடத் தொடங்கியது. வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் ஐரோப்பாவில் விற்றாகவேண்டிய நாடு அது. 1986-இல் ஒன்றிய நாடுகள் மன்றப் பொதுச்செயலாளரின் தீர்ப்புப்படி பிரான்சு மன்னிப்புக் கேட்டு 70 இலக்கம் தாலர் கொடுத்தது. வணிகத்திற்கு இடையூறு செய்வதில்லை எனவும் ஒப்பியது. ஒற்றர்களோ மூன்றாண்டுகள் இருக்கவேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு பிரான்சின் ஆவோத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். அம்மூன்றாண்டு நிறையுமுன்பே இருவரையும் பிரான்சு அழைத்துக்கொண்டது. வெண்ணெய்க்காக அறம் அவ்விடத்தில் வளைந்தது!

துறைமுகக் கதவு மட்டும் வளையவில்லை. 1990-இல் ஆட்சி எதிர்க்கட்சியின் கைக்கு மாறியது, சட்டம் நின்றது. 2016-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் சாம்சன் அங்கு வந்தது. அது அச்சட்டத்திற்கு உட்பட்டே வந்தது.

ஓர் அரசு கூறுவது கொள்கை ஆகிவிடாது. விலை கொடுத்தபின்னும், ஆட்சி மாறியபின்னும் எது நிற்கிறதோ அதுவே ஒரு நாட்டின் கொள்கை. எண்ணிப் பாருங்கள்!