இடர்காப்புக் கல்வி: நம் நாட்டுக்கேற்ற பட்டநெறி எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழக மாணவர் பேச வந்தால், தாம் படித்ததைச் சபைக்கு ஒப்புவித்துவிட்டுப் போவார்கள் என்ற எண்ணம் உங்களிற் சிலருக்கு இருக்கலாம். நாம் அதற்காக வரவில்லை. படிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை எவ்வாறு வகுத்தமைப்பது என்பதைப் பெரியோராகிய உங்களிடமே கேட்டுத் தெளிய வந்திருக்கின்றோம். புயல், வெள்ளம், கடற்கோள், தீ, கொள்ளைநோய் முதலிய இடர்களிலிருந்து மக்களைக் காக்கும் கல்வியே அது. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது இன்று தனியொரு பட்டநெறியாக விளங்குகின்றது. இத்தகைய நெறி நம் குடாநாட்டிலே அமையுமானால் அது எப்படியிருக்க வேண்டும் என்பதே எம் பேச்சின் பொருள்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அன்று எம்மிற் சிலர் கைக்குழந்தைகள், பலர் பிறக்கவேயில்லை. ஆயினும் மணற்காடு, மருதங்கேணி, முல்லைத்தீவு என்ற பெயர்களைச் சொல்லும்போது எம் தாய்மாரின் குரல் தாழ்வதைக் கேட்டே வளர்ந்தோம். இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கிய பின் அலை நம் கீழைக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. இரண்டு மணித்தியாலம் என்பது பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வரப் போதிய நேரம். அந்நேரம் முழுவதும் கடல் வந்துகொண்டிருந்தது. செய்தி மாத்திரம் வரவில்லை.

அதே நாளில், நிலநடுக்கத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமலூ என்ற தீவிலே ஏறத்தாழ எழுபத்தெண்ணாயிரம் மக்கள் இருந்தனர். அவர்களுள் இறந்தோர் எழுவர் மாத்திரமே என்று பதிவாகியுள்ளது. அங்கே 1907 ஆம் ஆண்டு ஒரு கடற்கோள் வந்தது. நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடவேண்டும் என்ற செய்தியைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். அக்கதையே அவர்களைக் காத்தது. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்திலோ, சிங்கப்பூரிலிருந்த ஊரவர் ஒருவர் தொலைபேசியிற் சொன்ன எச்சரிக்கையை அங்கிருந்த தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கி உடனே ஊருக்கு அறிவித்தது, மக்கள் தப்பினர். ஓரிடத்திலே பழங்கதை, மற்றோரிடத்திலே ஒலிபெருக்கி. இரண்டும் விலையுயர்ந்த கருவிகள் அல்ல. அறிவு இருந்தது, அது உரிய நேரத்தில் உரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. இக்கல்வியின் உயிர்நிலை இதுவே என்பது எம் துணிவு.

இனி, இக்கல்வி வளர்ந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1917 ஆம் ஆண்டு கனடாவிலுள்ள ஹலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டனர். அந்நகரத்துக் குருவானவராயிருந்த சாமுவேல் பிறின்ஸ் என்பவர் அப்பேரழிவு சமூகத்தை எவ்வாறு மாற்றியது என்பதை ஆராய்ந்து 1920 இல் ஒரு நூல் வெளியிட்டார். இடர்களைப் பற்றிய சமூகவியல் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம் என்பர். 1963 இல் அமெரிக்காவின் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இடர் வந்தவிடத்து மக்கள் மதிமயங்கி ஒருவரையொருவர் மிதித்தோடுவர் என்பது பொதுவான எண்ணம். அந்நிலையத்தார் இடம் இடமாகச் சென்று பார்த்தபோது கண்டதோ வேறு. பெரும்பாலும் மக்கள் நிதானத்தோடு நடக்கின்றனர். முதலில் மீட்க வருபவர் அரசாங்கத்தார் அல்லர், அயலவரே. 1983 இல் வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் இத்துறையில் இளமாணிப் பட்டநெறியைத் தொடக்கியது. முன்கூட்டித் தணித்தல், ஆயத்தமாயிருத்தல், நேர்ந்தபோது உதவுதல், பின்னர் மீளக் கட்டுதல் என்ற நான்கு படிகளாகப் பாடத்தை வகுப்பது இன்று பொது வழக்கு.

2001 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்துக் கோபுரங்கள் தாக்கப்பட்ட பின்னர் அமெரிக்காவில் வேறொரு போக்குத் தோன்றியது. தாயகப் பாதுகாப்பு என்ற பெயரில் பெரிய அமைச்சு ஒன்றை 2003 இல் இயங்க வைத்து, வெள்ளம் புயல்களைக் கவனித்த திணைக்களத்தையும் அதனுள் அடக்கினர். பல்கலைக்கழகங்களும் அப்பெயரிலே பட்டநெறிகளைத் திறந்தன. 2005 இல் கத்றீனாப் புயல் நியூ ஒர்லியன்சு நகரத்தை மூழ்கடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பயங்கரவாதத்தையே நோக்கியிருந்த கண் புயலைக் காணத் தவறியது என்று பலர் குறை கூறினர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். "பாதுகாப்பு" என்ற சொல் அமெரிக்க மாணவனுக்கு எப்படிக் கேட்கிறதோ நாம் அறியோம். எமக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அறிவோம். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வீடும் வயலும் கோயிலும் முட்கம்பிக்கு அப்பால் நின்ற ஊர்கள் இக்குடாநாட்டில் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலின் இடர்காப்பையும் படைத்துறைப் பாதுகாப்பையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் பட்டநெறியை நாம் வேண்டோம். எச்சரிக்கை தருபவரை மக்கள் நம்ப வேண்டும்; நம்பினாலன்றி அவர் சொல்லி ஒருவரும் வீட்டை விட்டுப் புறப்படார். இக்கல்வி அதிகாரம் செய்யக் கற்பிப்பதன்று. நம்பிக்கைக்கு உரியவராகக் கற்பிப்பது.

நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் உண்டு. அதன் வழிவந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு; 117 என்ற அவசர இலக்கமும் உண்டு. சட்டம் இருக்கிறது, கந்தோர் இருக்கிறது. அவற்றை ஊரளவிலே உயிர்ப்பிக்கக் கற்றவர் வேண்டும். வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970 இல் வந்த புயல் அங்கே மூன்று இலட்சத்துக்குக் குறையாத உயிர்களைக் கொண்டது. பின் ஊர்தோறும் தொண்டரைப் பழக்கினர். புயல் மடங்களைக் கட்டினர். பட்டுவாக்காலி என்னும் கரையோரப் பல்கலைக்கழகம் இடர் முகாமைத்துவத்துக்கென ஒரு பீடத்தையே நடத்துகின்றது. இன்றும் அங்கே புயல் வருகின்றது; ஆனால் பழைய தொகையில் மக்கள் மடிவதில்லை. நம்மிலும் செல்வத்தால் மிக்கவர் அல்லர் அவர்கள்.

நம்முடைய பட்டநெறியை நான்கு ஆண்டுகளாக வைத்துக்கொள்வோம்.

முதலாம் ஆண்டிலே மாணவன் தன் மண்ணை அறியட்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே தங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். குளம் தூர்ந்தால் ஊர் வெள்ளத்தில் நிற்கும். கோடையிலே அதே ஊர் உவர்நீரைக் குடிக்கும். ஆகவே குளம், வாய்க்கால், தரவை, களப்பு ஆகியவற்றின் வரைபடமே அவனுடைய முதற் புத்தகம். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து நம் வடகரையையும் தாக்கிய புயல், 1978 இல் மட்டக்களப்பைச் சிதைத்த புயல், 2008 இன் நிஷா, 2020 இன் புரேவி என்பன அவனுடைய வரலாற்றுப் பாடம்.

இரண்டாம் ஆண்டிலே சட்டமும் நிருவாகமும் கணிதமும். கிராம அலுவலரின் பதிவேடு எப்படி இருக்க வேண்டும்? நடக்கமாட்டாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், கர்ப்பிணி எந்த வீட்டில் இருக்கிறார் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? நிவாரணப் பொருளைப் பங்கிடும்போது எவர் விடுபடுகிறார்? இவை சிறிய கேள்விகள் போலத் தோன்றும். வெள்ளம் வந்த இரவில் இவற்றிலும் பெரிய கேள்வி இல்லை.

மூன்றாம் ஆண்டிலே வகுப்பறையை விட்டு வெளியேறட்டும். ஆறு மாதம் பிரதேச செயலகத்தில், வைத்தியசாலையில், கடற்றொழிலாளர் சங்கத்தில் வேலை பழகட்டும். 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் டிசெம்பரில் குடாநாட்டிலே எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். வெள்ளம் வடிந்தால் ஆபத்து வடிந்துவிட்டது என்பதில்லை. வைத்தியர், கமநல உத்தியோகத்தர், மிருகவைத்தியர், கிராம அலுவலர் நால்வரும் ஒரு மேசையில் இருந்து பேச வேண்டிய நோய் அது. அந்நால்வரையும் அழைத்து ஒரு மேசையில் இருத்தும் ஐந்தாமவனே இப்பட்டதாரி.

நான்காம் ஆண்டிலே ஒவ்வொரு மாணவனும் ஒரு கிராமத்தை எடுத்து அதற்கு இடர்காப்புத் திட்டமொன்று வகுக்க வேண்டும். பரீட்சகர் புள்ளியிட்டால் மாத்திரம் போதாது. ஊரவர் கூடியிருந்து கேட்டு, "ஆம், இது எங்கள் ஊர்தான்" என்று ஒப்ப வேண்டும்.

எந்த மொழியிற் கற்பிப்பது? எம்மிற் சிலர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்திய கிறீன் வைத்தியரின் வரலாற்றை அங்கே கேட்டோம். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த அவர், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். ஊரவர் மொழியிற் கற்றவனே ஊரிலே தங்கித் தொண்டு செய்வான் என்பது அவர் கண்ட உண்மை. 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி மலையகத்தில் மண்சரிவு நேர்ந்து அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற குறை எழுந்தது. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை வெறும் ஓசையே. ஆகவே தமிழிலே கற்பிப்போம், ஆங்கிலத்தை ஆராய்ச்சிக்குக் கற்போம், சிங்களத்தையும் கற்போம். கண்டியிலோ காலியிலோ இடர் நேர்ந்தால் அங்கே போய் உதவவும் நம் பட்டதாரிக்கு நாவு வேண்டும் அன்றோ?

"இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது எமக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இருந்த நாட்டிலே இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆதலின் பெருந்தொகையினரைச் சேர்க்கும் நெறியாக இதைத் தொடங்க வேண்டாம். ஆண்டுக்கு இருபது முப்பது பேர் போதும். பிரதேச செயலகங்கள், மாநகர சபை, வைத்தியசாலைகள், தொண்டு தாபனங்கள் ஆகியவற்றுடன் முன்கூட்டியே பேசி, தேவையறிந்து சேர்க்க வேண்டும். ஏற்கெனவே சேவையிலிருக்கும் கிராம அலுவலருக்கும் தாதியருக்கும் பகுதிநேர வகுப்பும் வைக்கலாம். அவர்களுக்கு வேலை உண்டு, அனுபவம் உண்டு. கல்வி சேர்ந்தால் ஊருக்கு உடனே பலன்.

"முதலுதவியும் நீச்சலும் பழகினால் போதாதா, பட்டம் எதற்கு?" என்பாரும் உளர். முதலுதவி அவசியமே. ஆயினும் வெள்ளத்தில் விழுந்தவனைத் தூக்குவது ஒன்று. வெள்ளம் ஏன் அவ்விடத்தில் நிற்கிறது என்று ஆண்டுமுழுதும் கேட்டுக்கொண்டிருப்பது வேறொன்று. முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்குக் கல்வி வேண்டும்.

இறுதியாக, இச்சங்கத்தார் முன் எமது வேண்டுகோள். 1992 இல் கும்பகோண மகாமகத்தின் நெருக்கடியில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். 1997 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பக்தி குறைந்ததனால் நேர்ந்தவை அல்ல இவை. வழியும் வாயிலும் குறைந்ததனால் நேர்ந்தவை. நம் கோயில்களிலும் தேர்த்திருவிழாவிலே கயிறு பிடித்து, தண்ணீர் கொடுத்து, கூட்டத்தை ஒழுங்குசெய்யும் தொண்டர்கள் இச்சபையிலேயே இருக்கிறீர்கள். இக்கல்வியின் முதற்பாடத்தை நீங்கள் ஏற்கெனவே கற்றுவிட்டீர்கள். இந்த ஆண்டிலே ஒவ்வொரு கோயிலிலும் பந்தலுக்கு எத்தனை வாயில், தீயணைக்க எங்கே தண்ணீர், அம்புலன்சு வர எந்த ஒழுங்கை என்று எழுதி வைப்போம். 1990 என்ற இலக்கத்தை ஒவ்வொரு தொண்டனும் மனத்தில் வைத்திருக்கட்டும்.

பெரியோர்களே, 1964 இன் காற்றைக் கண்டவர்கள் இன்று மூத்த தலைமுறையினர். அக்காற்று எத்திசையிலிருந்து வந்தது, எந்த வீடு நின்றது, எந்தக் கிணறு உவராயிற்று என்பவை உங்கள் நெஞ்சிலே இருக்கின்றன. எந்த நூலகத்திலும் இல்லை. சிமலூத் தீவின் பாட்டிமார் போல அவற்றை எமக்குச் சொல்லுங்கள். நாம் கொப்பியும் பேனையுமாக உங்கள் வீட்டு விறாந்தைக்கு வருகின்றோம். பல்கலைக்கழகம் பட்டநெறியை எப்போது வகுத்தாலும் வகுக்கட்டும். அதன் முதற் பாடநூல் இந்த மழைக்காலத்துக்கு முன்னரே எழுதப்படட்டும்.