ஜங்ஷனுக்கு மூத்த போத்தனூர்

கோயம்புத்தூர்ப் பக்கம் ரயில் முதலில் வந்து நின்றது எங்கே என்று கேட்டால், பலரும் கோயம்புத்தூர் ஜங்ஷனைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் மூத்தது போத்தனூர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேய்ப்பூர் வரை பாதை போட்டு முடித்தது 1862இல். அந்தப் பாதை இருகூரிலிருந்து நேரே போத்தனூர் வந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்தது. கோயம்புத்தூர் ஓரமாக நின்றுவிட்டது. 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட்டபோதுதான் நகரத்துக்கு ரயில் கிடைத்தது.

கணவாய் வழி ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. போத்தனூரை அடுத்த வெள்ளலூரில் ரோமானியர் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சரக்கு வண்டிகள் அப்போதே இந்த வழியாகத்தான் போய்வந்தன.

ரயில் வந்த பின் ஊரே ரயில்வே ஊரானது. குவார்ட்டர்ஸ், ரயில்வே பள்ளி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தேவாலயங்கள். சிக்னல் பணிமனை இன்றும் இயங்குகிறது. தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயின்ட் மெஷின்கள் அங்கே தயாராகின்றன.

இந்த ஸ்டேஷனுக்கு ஒரு துயரமும் உண்டு. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட மாப்பிளாக் கைதிகளைத் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். பெட்டியை இங்கே திறந்தபோது பலர் மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள்; மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலபார் அதை இன்னும் மறக்கவில்லை. நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று போத்தனூர், விடிந்தால் உக்கடத்துக்கும் காந்திபுரத்துக்கும் வேலைக்குக் கிளம்பும் ஊர். 1915இல் வந்த பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதையாகி 2017இல் மறுபடி திறந்தது; கிணத்துக்கடவுக்காரர்களும் இவ்வழியேதான் ரயிலில் வருகிறார்கள். மாலையில் காற்று வாங்கக் குறிச்சிக் குளக்கரை இருக்கிறது. எழுத்துகளாலேயே அமைந்த திருவள்ளுவர் சிலையும் அங்கே.

ஆனால் நகரம் இந்தப் பக்கத்துக்குச் செய்தது என்ன? குப்பையைக் கொண்டுவந்து வெள்ளலூரில் மலையாகக் கொட்டியது. அதே வெள்ளலூரில் பேருந்து நிலையம் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டது. நாற்றத்தைச் சகிப்பவர்களுக்கு வசதியும் கிடைப்பதுதானே நியாயம்?

கேரளம் போகும் சில ரயில்கள் இன்றும் ஜங்ஷனைத் தொடாமல் போத்தனூர் வழியே போய்விடுவதாக நகரவாசிகள் குறைப்படுகிறார்கள். அந்த ரயில்கள் போத்தனூரில் நிற்கட்டும். அங்கிருந்து நேரத்துக்கு டவுன்பஸ் விடட்டும். ஜங்ஷனில் இடமில்லை என்று சொல்லும் அதிகாரிகள், போத்தனூரைக் கோவையின் இரண்டாவது முனையமாக்க வேண்டும்.